அசெம்ப்ளியில் மிரர் கட்டளை இல்லை, ஆப்போசிட் ஹேண்ட் ஸ்கிட் எப்படி வரைவது?

ஒற்றியூர்_டிசைனர்

வணக்கம் எல்லோருக்கும். திருவொற்றியூரில் ஒரு ஃபேப்ரிகேஷன் கடைக்கு டிராயிங் போட்டுக் கொடுக்கிறேன். வருஷா வருஷம் லைசன்ஸ் கட்டும் நிலையில் கடை இல்லை, அதனால் இலவச 3டி டிராயிங் சாஃப்ட்வேரான ஃப்ரீகேட் 1.0. 2024 நவம்பரில் வந்த அந்த வெர்ஷனில்தான் அசெம்ப்ளி வொர்க்பெஞ்ச் (பாகங்களை ஒன்றாகச் சேர்க்கிற பகுதி) கூடவே சேர்ந்து வந்தது, அதற்கு முன்னால் ஆட்-ஆன் போட்டுத்தான் ஓட்டிக்கொண்டிருந்தோம்.

விஷயம் இதுதான். மணலிப் பக்கம் ஒரு ஆலைக்கு கெமிக்கல் டோசிங் ஸ்கிட் (கெமிக்கலை அளந்து செலுத்துகிற சாமான் எல்லாம் ஒரே ஃபிரேமில்) இரண்டு. கீழே ஐஎஸ்எம்சி 125 ஸ்டீல் சேனலில் ஃபிரேம், மேலே டேங்க், இரண்டு பம்ப், பைப்பிங், எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) டிரிப் ட்ரே, ஓரத்தில் கன்ட்ரோல் பேனல் ஸ்டாண்டு, ஏறி நின்று டேங்கில் ஊற்றுவதற்கு ஒரு சின்ன பிளாட்பாரம். முதல் ஸ்கிட் முடிந்தது, 140 சொச்சம் பாகம். இரண்டாவதுக்கு அவர்கள் அனுப்பியது ஒரே வரி, "ஆப்போசிட் ஹேண்ட்", அதாவது கண்ணாடிப் பிம்பம் மாதிரி இடது வலது மாறினது.

பார்ட் வொர்க்பெஞ்சில் மிரர் இருக்கிறது. பார்ட் டிசைனில் மிரர்டு இருக்கிறது. அசெம்ப்ளியில் மட்டும் இல்லை. மொத்தத்தையும் ஒரே ஷேப்பாகக் காப்பி எடுத்து மிரர் பண்ணினால் திரையில் அழகாகத்தான் வருகிறது, ஆனால் அது ஒரே கட்டி. பி.ஓ.எம் (பாகங்களின் பட்டியல்) எடுத்தால் ஒரு வரிதான் வரும், ஜாயின்ட் (பாகத்தைப் பாகத்தோடு பிணைப்பது) எதுவும் இருக்காது, நாளைக்கு முதல் ஸ்கிட்டில் ஒரு ஓட்டையை நகர்த்தினால் இரண்டாவதுக்குத் தெரியாது. இந்தக் குழுவில் வேறு யாராவது இதைச் சமாளித்திருக்கிறீர்களா? 140 பாகத்தையும் திரும்ப உட்கார்ந்து சேர்ப்பதைத் தவிர வேறு வழி வேண்டும்.

மணலி_பைப்பிங்

தம்பி, சாஃப்ட்வேரைத் தொடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி. அந்த இரண்டு ஸ்கிட்டும் எங்கே உட்காரப்போகின்றன? பிளாட் பிளான் (எது எங்கே நிற்கும் என்கிற வரைபடம்) இருக்கிறதா?

ஏன் கேட்கிறேன் என்றால், ஆப்போசிட் ஹேண்ட் என்று எழுதிவிடுகிறார்கள், நிஜத்தில் பாதிக்கு மேல் அது தேவைப்படாது. நடைபாதைக்கு இந்தப்பக்கம் ஒன்று, அந்தப்பக்கம் ஒன்று, இரண்டும் எதிரும் புதிருமாக நின்றால், அதே ஸ்கிட்டை 180 டிகிரி திருப்பி வைத்தாலே அதன் முகம் நடைபாதையைப் பார்க்கும். புதிதாக ஒரு கோடு வரைய வேண்டாம். மாறுவது இன்லெட் எந்த முனையில் வருகிறது என்பது மட்டும்தான். அதை முதலில் கேட்டுக்கொள்.

ஒற்றியூர்_டிசைனர்

கேட்டேன் அண்ணா. நடைபாதை தெற்கு வடக்காகப் போகிறது, நீங்கள் சொன்ன மாதிரி இருபக்கமும் எதிரெதிராகத்தான். ஆனால் வாட்டர் ஹெடர் (மெயின் தண்ணீர் பைப்) வடக்கு முனையில் ஓடுகிறது. இரண்டு ஸ்கிட்டுக்கும் இன்லெட் வடக்கே வர வேண்டும், இரண்டு பேனலும் நடைபாதையைப் பார்க்க வேண்டும். திருப்பி வைத்தால் ஒரு இன்லெட் தெற்கே போய்விடும், ஹெடரைச் சுற்றி இழுக்க அவர்கள் தயாராக இல்லை. ஆக நிஜமாகவே மிரர்தான்.

மணலி_பைப்பிங்

சரி, அப்போது வேலை உண்டு. ஆனால் 140 பாகத்துக்கும் இல்லை.

ஒவ்வொரு பாகத்தையும் எடுத்து ஒரே ஒரு கேள்வி கேள். இந்தப் பாகத்துக்குள்ளேயே அதை இரண்டு சம பாதியாகப் பிரிக்கிற ஒரு தளம் இருக்கிறதா? இருந்தால் அதற்கு இடது வலது கிடையாது. மிரர் பண்ணினாலும் கிடைப்பது அதே பாகம்தான், நிற்கும் நிலை மட்டும் மாறும். அதைத் திருப்பி, நகர்த்தி வைத்துவிடலாம்.

பைப்பிங்கை எடுத்துக்கொள். நேர் பைப்புக்கு உண்டு. 90 டிகிரி எல்போவுக்கு உண்டு. டீக்கு உண்டு. எக்சென்ட்ரிக் ரெடியூசருக்குக்கூட நீளவாக்கில் ஒரு தளம் உண்டு. ஃபிளேஞ்சைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், ஏஎஸ்எம்இ பி16.5 ஃபிளேஞ்சில் போல்ட் ஓட்டைகள் 4, 8, 12 என்று நாலின் மடங்காகத்தான் இருக்கும், ஓட்டைகளை சென்டர்லைனுக்கு இருபுறமும் விழுகிற மாதிரி வைப்பதுதான் நம் வழக்கம், அதனால் மிரருக்கு அப்புறமும் ஓட்டை சரியாகவே உட்காரும். ஸ்பூலாக (பைப்பும் ஃபிட்டிங்கும் சேர்ந்த துண்டாக) பார்த்தால் இடது வலது உண்டு, ஸ்பூலுக்குள் இருக்கும் பாகம் எதற்கும் இல்லை. உன் பைப்பிங்கில் புதிதாக ஒரு பார்ட் ஃபைல்கூடத் தேவைப்படாது.

வாங்குகிற சாமான்களை எந்தக் காலத்திலும் மிரர் பண்ணாதே. போல்ட்டை மிரர் பண்ணினால் இடது மரை. கேட் வால்வை மிரர் பண்ணினால் வலப்பக்கம் சுற்றும்போது திறக்கிற வால்வு, அப்படி ஒன்றைக் கடையில் கேட்டுப் பார். பிரஷர் கேஜில் எண்கள் தலைகீழாக ஓடும். நான்-ரிட்டர்ன் வால்வில் அம்புக்குறியைப் பார்த்து ஃப்ளோ பக்கம் வை, அவ்வளவுதான்.

அடுத்தது நாலு மூலை லிஃப்டிங் லக் (ஸ்கிட்டைத் தூக்கக் கொக்கி மாட்டுகிற காது). நீ நாலையும் தனித்தனியாக யோசித்திருப்பாய். குறுக்குவாட்டு மூலைகள் இரண்டும் ஒரே கை. ஒரு லக்கை நீளவாக்கில் மிரர் பண்ணி, அதையே அகலவாக்கிலும் மிரர் பண்ணினால், கிடைப்பது வெறும் 180 டிகிரி சுழற்சி. ஆக ஒரு இடது, ஒரு வலது, மற்ற இரண்டும் அவற்றைத் திருப்பி வைத்தவை. இது இரண்டாவது ஸ்கிட்டுக்கு இன்னும் சந்தோஷமான செய்தி, ஏனென்றால் ஸ்கிட் முழுவதையும் மிரர் பண்ணினால் இரண்டு இடது இரண்டு வலது மூலை மாறி நிற்கும், மொத்த எண்ணிக்கை அதேதான். லக்கை நீ வரையவே வேண்டாம்.

தண்டையார்பேட்டை_டிப்ளமோ

நான் பாலிடெக்னிக் மூன்றாம் வருஷம். ஒரு சந்தேகம், தப்பாக இருந்தால் மன்னிக்கவும். அனிமேஷன் சாஃப்ட்வேரில் எக்ஸ் ஸ்கேலில் மைனஸ் 1 போட்டால் அப்படியே மிரர் ஆகிவிடுகிறதே, அசெம்ப்ளியில் ஏன் அதையே வைக்கக்கூடாது? இவ்வளவு பெரிய சாஃப்ட்வேரில் இது ஒரு பெரிய வேலையா?

எண்ணூர்_டூலிங்

நல்ல கேள்வி தம்பி, மன்னிப்பெல்லாம் வேண்டாம்.

அசெம்ப்ளியில் ஒரு பாகத்தை வைக்கிறோம் என்றால் சாஃப்ட்வேர் இரண்டு விஷயத்தைத்தான் எழுதி வைக்கிறது. எவ்வளவு நகர்ந்தது, எவ்வளவு திரும்பியது. நிஜப் பாகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நம்மால் செய்ய முடிந்ததும் அவ்வளவுதான். கணக்காகச் சொன்னால் சுழற்சி மேட்ரிக்ஸின் டிடர்மினன்ட் +1, மிரரின் டிடர்மினன்ட் −1. +1-ஐ எத்தனை முறை பெருக்கினாலும் −1 வராது, அதனால் எத்தனை திருப்பு திருப்பினாலும் இடது பாகம் வலதாகாது. மேலே அண்ணன் சொன்ன மூலை லக் விஷயமும் இதே கணக்குதான், −1-ஐ −1-ஆல் பெருக்கினால் +1.

அனிமேஷனில் அது வெறும் படம், யாரும் அதைச் செய்து பார்க்கப்போவதில்லை. இங்கே ஒரு பார்ட் ஃபைல் என்றால் ஒரு பார்ட் நம்பர், ஒரு டிராயிங், கடையில் ஒரு ரேக். அதே ஃபைலை மைனஸ் போட்டுத் திரையில் காட்டினால் பி.ஓ.எம் "அதே பாகம் 2" என்று சொல்லும், கடைக்காரர் இரண்டு இடது செய்து கொடுப்பார். ஒரு சாஃப்ட்வேரிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்புகிற ஸ்டெப் ஃபைலிலும் இதே கதைதான். ஒரு பாகம் நிற்கும் இடத்தைச் சொல்ல அதில் வழக்கமாக இரண்டு அச்சைத்தான் எழுதுகிறார்கள், மூன்றாவது அச்சு அந்த இரண்டின் கிராஸ் ப்ராடக்ட், அதனால் எப்போதும் வலக்கை விதிப்படியே வரும். மிரர் பண்ணின நிலை என்று ஒன்றை அந்த முறையில் எழுதவே வழியில்லை. எதிர்க்கை வேண்டுமென்றால் புது ஜியோமெட்ரி வேண்டும். எந்தக் கம்பெனி சாஃப்ட்வேராக இருந்தாலும் உள்ளே நடப்பது இதுதான்.

இப்போது ஒற்றியூர் நண்பருக்கு. நிஜமாகவே கை மாறுகிற பாகங்களை எப்படி வைப்பது என்று சொல்கிறேன். நான் ஜிக், ஃபிக்ஸ்சர் செய்பவன், கார் பாடியில் இதைத்தான் பார்த்துப் பழகினேன். வண்டிக்கு ஒரே ஒரு பூஜ்யப் புள்ளி, எல்லா ஷீட்டும் அது வண்டியில் நிற்கிற இடத்திலேயே வரையப்பட்டிருக்கும். இடது ஃபெண்டர் ஃபைலைத் திறந்தால் ஒரிஜினிலிருந்து தள்ளித்தான் தெரியும், பழகாதவர்களுக்கு எரிச்சலாக இருக்கும், ஆனால் பலன் பெரிசு. வலது ஃபெண்டர் வேண்டுமென்றால் நடுத்தளத்தில் மிரர், முடிந்தது. இரண்டையும் அசெம்ப்ளியில் பூஜ்யத்தில் இறக்கினால் தானாகவே தன் இடத்தில் நிற்கும். ஜாயின்ட் வேண்டாம்.

ஸ்கிட்டுக்கு இதையே செய்யுங்கள். ஸ்கிட் நீளத்தை எக்ஸ் என்று வைத்து, நீளத்தின் நடுவில் ஒய்இசட் தளத்தை வையுங்கள். அப்படி வைத்தால் முன்பக்கம் முன்பக்கமாகவே இருக்கும், இடது வலது மட்டும் மாறும், டிராயிங்கில் வியூக்களை மாற்றிப் போட வேண்டிய வேலை இல்லை. கை மாறுகிற பாகத்தை மட்டும் அது ஸ்கிட்டில் நிற்கும் இடத்திலேயே வரையுங்கள், அல்லது ஏற்கனவே வரைந்ததை அங்கே நகர்த்துங்கள். பிறகு பார்ட் மிரர், ஒய்இசட் தளம், பேஸ் பாயின்ட் பூஜ்யம். அது மூலத்தோடு தொடர்பு விட்டுப்போகாத ஆப்ஜெக்ட், இடதில் ஓட்டை நகர்ந்தால் வலதிலும் நகரும். அசெம்ப்ளியில் கொண்டுவந்து பிளேஸ்மென்ட்டைப் பூஜ்யமாக்கி கிரவுண்ட் பண்ணிவிடுங்கள். கதவு, கீல் மாதிரி அசைகிறவற்றுக்கு மட்டும் ஜாயின்ட் போடுங்கள்.

ஜாயின்ட் போடும்போது முகத்தையோ ஓரத்தையோ பிடிக்காதீர்கள். மிரர் ஆன ஷேப்பில் முகங்களின் வரிசையும் திசையும் மாறலாம், ஃபிக்ஸ்டு ஜாயின்ட் போட்டால் பாகம் குப்புற விழும். ஒரு லோக்கல் கோஆர்டினேட் சிஸ்டம் வைத்து அதைப் பிடியுங்கள்.

ராயபுரம்_கேட்

இவ்வளவு சுற்ற வேண்டுமா? சாலிட்வொர்க்ஸில் மிரர் காம்பொனென்ட்ஸ் என்று ஒரு கட்டளை, தளத்தைக் காட்டு, பாகங்களைத் தேர்ந்தெடு, வேலை முடிந்தது. இலவச சாஃப்ட்வேரில் மிச்சமாகிற காசை நேரத்தில் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். கொஞ்ச காலத்துக்காவது வாடகைக்கு எடுத்து முடித்துவிடுங்கள் என்பது என் யோசனை.

எண்ணூர்_டூலிங்

கட்டளை நல்ல கட்டளைதான், நானும் அதில் வேலை செய்திருக்கிறேன். ஆனால் அதில் இரண்டாவது பக்கத்தில் என்ன கேட்கிறது என்று நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு பாகத்துக்கும், அதையே திருப்பி வைக்கட்டுமா, இல்லை எதிர்க்கை வெர்ஷன் புதிதாக உருவாக்கட்டுமா என்று கேட்கும். கட்டியா வி5-இல் சிமெட்ரி கட்டளையும் இதையேதான் கேட்கிறது. இன்வென்டரில் பாகத்துக்குப் பாகம் மிரர், மறுபயன், விலக்கு என்று நிறம் மாற்றிக் காட்டும். ஆன்ஷேப்பில் அசெம்ப்ளி மிரர் பல வருஷம் இல்லாமலே இருந்து பிற்பாடுதான் வந்தது, அதுவரை அதை வைத்திருந்தவர்கள் பார்ட் ஸ்டுடியோவுக்குள் இரண்டு கையையும் வரைந்து, இரண்டையும் அசெம்ப்ளியில் இறக்கினார்கள். நான் மேலே சொன்ன அதே வழி.

அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் எல்லாவற்றுக்கும் எதிர்க்கை என்று டிக் அடித்துவிட்டுப் போகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இடது மரை போல்ட்டுக்குத் தனி பார்ட் நம்பரோடு பி.ஓ.எம் வரும், பர்ச்சேஸில் இருப்பவர் என்ன செய்வார்? காசு கொடுத்து வாங்கினாலும் பாகங்களைப் பிரிக்கிற வேலை நம்முடையதுதான். அது முடிந்த பிறகு கட்டளை இருந்தால் ஒரு மதியம் மிச்சமாகும், அதை நான் மறுக்கவில்லை.

பெரம்பூர்_ஷீட்மெட்டல்

ரயில் பெட்டிகளுக்கு உள்ளலங்கார வேலை செய்கிற ஒரு கடையில் டெவலப்மென்ட் (மடிக்கிற தகட்டுக்கு விரித்த வடிவம் எடுப்பது) பார்க்கிறேன். பெட்டியின் நாலு வாசலுக்கும் பிராக்கெட் போடும்போது மூலை லக் கணக்குதான் எங்களுக்கும், இரண்டு கைதான், நாலு இல்லை.

ஷீட்மெட்டலைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். இடது பிராக்கெட்டும் வலது பிராக்கெட்டும் விரித்தால் ஒரே பிளாங்க். வெட்டின தகட்டைக் குப்புறப் போட்டு மடித்தால் எதிர்க்கை வந்துவிடும். புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு நான் அட்டையில் பிரிண்ட் எடுத்து வெட்டி, கையில் கொடுத்து மடிக்கச் சொல்வேன், ஒருமுறை செய்துவிட்டால் அப்புறம் கேட்கவே மாட்டார்கள். அதனால் லேசருக்குப் போகிற ஃபைல் ஒன்றே போதும், எண்ணிக்கையை மட்டும் கூட்டிக்கொள்ளலாம். மடிப்பு டிராயிங் மட்டும் இரண்டாக இருக்க வேண்டும், ஏனென்றால் மடிக்கிற மெஷினான பிரேக்கில் நிற்பவருக்கு மேல் மடிப்பா கீழ் மடிப்பா என்பது தெரிய வேண்டும்.

இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியம். கையே இல்லாத மாதிரி வரைய முடியுமா என்று முதலில் பாருங்கள். கிளீட்டில் (சின்ன இணைப்புத் துண்டில்) ஒரு முனையிலிருந்து 25, மறு முனையிலிருந்து 30 என்று ஓட்டை வைத்திருப்பார்கள், கேட்டால் காரணம் இருக்காது. இரண்டையும் 25 ஆக்கினால் இடது வலது என்ற பேச்சே போய்விடும். கேபிள் ட்ரே பிராக்கெட்டில் இரண்டு ஓட்டையை உபரியாகப் போட்டுவிட்டால் அது இரண்டு பக்கமும் சேரும். லேசரில் இரண்டு ஓட்டைக்கு ஆகிற செலவு, சைட்டில் தப்பான பிராக்கெட்டை வைத்துக்கொண்டு நிற்கிற வெல்டரின் அரை நாள் கூலிக்குப் பக்கத்தில்கூட வராது.

வியாசர்பாடி_லேசர்

அக்கா சொன்னது எம்எஸ் (சாதா ஸ்டீல்) தகட்டுக்கு நூறு சதவீதம் சரி. ஆனால் ஒற்றியூர் நண்பரின் டிரிப் ட்ரே எஸ்எஸ். அங்கே நான் கொஞ்சம் குறுக்கே வர வேண்டும்.

எஸ்எஸ் ஷீட்டில் ஒரு பக்கம் பாலிஷ், அதன் மேல் பிவிசி ஃபிலிம் ஒட்டி வரும். ஃபிலிம் மேலே இருக்க ஷீட்டைப் போட்டுத்தான் வெட்டுகிறோம். அந்த பிளாங்க்கைக் குப்புறப் போட்டு மடித்தால் கை மாறும், கூடவே பாலிஷும் உள்ளே போய்விடும். ஒரு ட்ரே வெளியே பளபளவென்று, இன்னொன்று உள்ளே பளபளவென்று. அதனால் ஒரு பக்க ஃபினிஷ் உள்ள ஷீட்டுக்கு டிஎக்ஸ்எஃப் (லேசருக்கான வெட்டு ஃபைல்) இரண்டு தனித்தனியாக வேண்டும், இரண்டுமே ஃபிலிம் பக்கம் மேலே என்று வைத்து எடுத்ததாக இருக்க வேண்டும். செக்கர்டு பிளேட்டும் அப்படித்தான். ஐஎஸ் 3502 தரத்துப் பிளேட்டில் புடைப்பு ஒரு பக்கம் மட்டும், திருப்பிப் போட்டால் ஆள் வழுக்கி விழுவார். உங்கள் பிளாட்பாரத்துக்கு ஓரத்தில் பைப் போக வெட்டு இருந்தால் இரண்டு ஃபைல் அனுப்புங்கள். கவுன்டர்சங்க் (வாய் சரித்த) ஓட்டை இருந்தாலும் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுங்கள்.

எழுத்து. பார்ட் நம்பரை லேசரில் பொறிக்கச் சொல்கிறீர்கள், நல்ல பழக்கம், ஆனால் எழுத்தோடு சேர்த்து மிரர் பண்ணி அனுப்புகிறீர்கள். எழுத்து தலைகீழாக வந்தது என்று எங்களைத் திட்டுகிறீர்கள். ஆட்டோகேடில் 2டி-யில் திருப்புகிறவர்கள் மிர்டெக்ஸ்ட் என்கிற செட்டிங்கை 0 வைத்துக்கொண்டால் எழுத்து எழுத்தாகவே இருக்கும். 3டி-யில் மிரர் பண்ணுகிறவர்கள் மிரருக்கு அப்புறம் எழுத்தைச் சேர்க்க வேண்டும், மூலப் பாகத்தில் எழுத்தே இருக்கக்கூடாது.

கடைசியாக, "அஸ் ஷோன் 1, ஆப்போசிட் 1" என்று ஒரே ஷீட்டில் எழுதுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். ராத்திரி ஷிஃப்டில் நெஸ்டிங் (ஷீட்டில் பாகங்களை அடுக்குவது) போடுகிறவர் ஷோனை மட்டும்தான் பார்க்கிறார். எல், ஆர் என்று ஃபைல் பெயரின் கடைசியில் இருந்தால் யாரிடமும் போய்க் கேட்க வேண்டாம். அவசரத்துக்குத் திரும்ப வெட்டி அனுப்பினால் மணலி எம்எஃப்எல் ஜங்ஷனில் கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டி எப்போது வந்து சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது, உங்களுக்கே தெரியும்.

ஒற்றியூர்_டிசைனர்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. எழுத்து விஷயமும் ஃபிலிம் விஷயமும் யோசனையிலேயே இல்லை, இப்போதே டிராயிங்கில் குறித்துவிட்டேன்.

பாகங்களைப் பிரித்துப் பார்த்தேன். வாங்குகிற சாமான், போல்ட், ஃபிட்டிங் எல்லாம் போக, கை மாறுவது ரொம்பக் கொஞ்சம்தான். ஒரே ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன், பம்ப். டயாஃபிரம் டோசிங் பம்ப். முதல் ஸ்கிட்டில் முன்னாலிருந்து பார்த்தால் ஹெட் வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும், ஸ்ட்ரோக் அட்ஜஸ்ட் பண்ணுகிற நாப் முன்பக்கம். இரண்டாவது ஸ்கிட்டில் ஹெட் இடப்பக்கம் வர வேண்டும், நாப் முன்னாலேயே இருக்க வேண்டும். பம்ப்பைத் திருப்பி வைத்தால் ஹெட் இடப்பக்கம் வருகிறது, நாப் டேங்க் பக்கம் போய்விடுகிறது, ஆபரேட்டர் கையை விட்டுத் துழாவ வேண்டும். கெமிக்கல் லைனில் அதை எப்படிச் செய்யச் சொல்வது?

மணலி_பைப்பிங்

இதுதான் இந்த வேலையில் உண்மையான முடிச்சு. பம்ப் கொடுப்பவரிடம் முதலில் கேள், நாப்பை எதிர்ப்பக்கம் மாற்றி அசெம்பிள் செய்து தர முடியுமா என்று. சில மாடலில் முடியும். முடியாது என்றால் இப்படிச் செய்.

பம்ப்பைத் திருப்பாதே. முதல் ஸ்கிட்டில் நிற்கிற அதே திசையில், நாப் முன்னால் இருக்க, அப்படியே வை. டோசிங் பம்ப்பில் சக்‌ஷன் ஹெட்டின் அடியில், டிஸ்சார்ஜ் ஹெட்டின் தலையில், இரண்டும் ஒரே செங்குத்துக் கோட்டில். ஆக பைப்பிங்குக்குத் தெரிய வேண்டியது ஹெட்டின் சென்டர்லைன் எங்கே என்பது மட்டும்தான், பம்ப் உடம்பு எந்தப் பக்கம் நீண்டிருக்கிறது என்பது அதற்கு வேண்டாம். ஹெட் சென்டர்லைன் மிரரில் எங்கே விழுமோ அந்த எக்ஸ்-இல் ஹெட்டை நிறுத்து, பம்ப் உடம்பு அதற்கு இடப்பக்கமாக வரட்டும். பேஸ் பிளேட் அந்த அளவுக்கு நகரும். சக்‌ஷன், டிஸ்சார்ஜ் ஸ்பூல் எல்லாம் சுத்தமான மிரராகவே இருக்கும், ஒரு மில்லிமீட்டர் மாறாது.

மாறுவது பேஸ் பிளேட் தாங்குகிற குறுக்குச் சட்டத்தின் ஓட்டைகளும் மோட்டார் கேபிள் வருகிற பக்கமும்தான். இரண்டு பம்ப்புக்கும் நடுவில் இடம் போதுமா, இடது ஓரத்தில் உடம்பு எதையாவது இடிக்கிறதா என்று பார்த்துக்கொள். இடித்தால் முதல் ஸ்கிட்டிலேயே பம்ப் இடைவெளியைக் கொஞ்சம் கூட்டி, இரண்டுக்கும் பொதுவாக வை. இன்னும் கட்டிங் போகவில்லையே?

ஒற்றியூர்_டிசைனர்

போகவில்லை அண்ணா. இடைவெளியை 60 கூட்டினால் இரண்டிலும் சேருகிறது, ஃபிரேம் நீளத்தில் மிச்சம் இருக்கிறது. குறுக்குச் சட்டத்தில் இரண்டு செட் ஓட்டையும் போட்டுவிட்டால் சட்டம் இரண்டு ஸ்கிட்டுக்கும் ஒன்றே, பெரம்பூர் அக்கா சொன்ன மாதிரி.

காசிமேடு_படகு

படகு வேலைக்காரன் குறுக்கே ஒரு வார்த்தை. நாங்கள் பாதிப் படகைத்தான் வரைவோம், போர்ட், ஸ்டார்போர்ட் இரண்டுக்கும் ஒரே ஃபிரேம் டிராயிங், மறுபாதி மிரர். இதில் எப்போதும் இடிக்கிற இடம் நடுக்கோடு. கீல் (கதவுக் கீல் இல்லை, படகின் அடிச்சட்டம்), சென்டர் கர்டர் மாதிரி நடுத்தளத்திலேயே உட்கார்ந்திருக்கிற தகட்டை மிரர் பண்ணினால் அதன் மேலேயே இன்னொன்று வந்து உட்காரும். திரையில் ஒன்றாகத்தான் தெரியும், பி.ஓ.எம்-இல் இரண்டு, எடையும் இரண்டு மடங்கு. உங்கள் ஸ்கிட் முழுவதும் மிரர் ஆகித் தனி ஸ்கிட்டாக நிற்பதால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் பாதி ஃபிரேம் வரைந்து மறுபாதியை மிரர் எடுக்கிறவர்கள் நடுச்சட்டத்தை மிரரிலிருந்து விலக்கி வையுங்கள்.

தண்டையார்பேட்டை_டிப்ளமோ

எல்லாம் முடித்த பிறகு நிஜமாகவே மிரர்தான் வந்திருக்கிறதா, எங்காவது ஒரு பாகம் தப்பாகத் திரும்பி நிற்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 140 பாகத்தையும் கண்ணால் பார்ப்பதா?

எண்ணூர்_டூலிங்

கண்ணை நம்பாதே. சென்டர் ஆஃப் மாஸ் எடு. நடுத்தளம் ஒய்இசட் என்றால், இரண்டு ஸ்கிட்டிலும் ஒய், இசட் அப்படியே இருக்க வேண்டும், எக்ஸ் மட்டும் குறி மாற வேண்டும். வால்யூம் சமமாக இருக்கிறது என்று விட்டுவிடாதே, திருப்பாத காப்பிக்கும் வால்யூம் சமமாகத்தான் இருக்கும், அது எதையும் நிரூபிக்காது. ஒவ்வொரு கை மாறுகிற பாகத்துக்கும் தனியாக ஒருமுறை, பிறகு ஃபிரேமுக்கு, பிறகு பைப்பிங்குக்கு என்று பிரித்துப் பார்த்தால் தப்பு எந்தக் கூட்டத்தில் இருக்கிறது என்று உடனே தெரியும். மொத்தமாக எடுத்தால் சின்ன பிராக்கெட்டின் தப்பு டேங்க் எடையில் காணாமல் போய்விடும். பம்ப்பை இந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும், அது மிரராக இல்லையே.

இன்னொரு வழியும் உண்டு. முதலில் நீங்கள் எடுத்தீர்களே, மொத்தத்தையும் ஒரே கட்டியாக்கிய மிரர், அதைத் தூக்கிப் போடாதீர்கள். இரண்டாவது ஸ்கிட்டின் மேல் அதை வைத்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பாருங்கள், அப்புறம் மாற்றிப் போட்டும் கழியுங்கள். மிச்சம் நிற்பதெல்லாம் தப்பாகத் திரும்பிய இடம். மரையை மாடலிலேயே வரைந்திருந்தால் அந்த இடங்களும் மிச்சமாக வரும், அவற்றையும் பம்ப்பையும் விட்டுவிடலாம்.

ஒற்றியூர்_டிசைனர்

கழித்துப் பார்த்தேன். பம்ப்பும் அதன் பேஸ் பிளேட்டும் எதிர்பார்த்த மாதிரி வந்தன. கூடவே பேனல் ஸ்டாண்டின் கீல் பக்கம் மிச்சமாக வந்தது. பேனல் வாங்குகிற சாமான், அதன் கதவு இரண்டு ஸ்கிட்டிலும் ஒரே பக்கம்தான் திறக்கும், ஸ்டாண்டை மிரர் பண்ணினால் இரண்டாவது ஸ்கிட்டில் கதவு ஏணியில் இடிக்கிறது. ஸ்டாண்டை 150 முன்னால் தள்ளினால் இடிக்கவில்லை, வாடிக்கையாளரிடம் ஒப்புதல் கேட்டிருக்கிறேன்.

இப்போதைய நிலவரம். கை மாறுகிற பாகம் மொத்தம் 11. அதில் 4 கிளீட், ஓட்டையைச் சமமாக்கியதும் கை இல்லாமல் போய்விட்டது. மீதி 7, டிரிப் ட்ரே, பிளாட்பாரத் தகடு, ஏணியின் இரண்டு பக்கச் சட்டம், டேங்க் சாடிலில் (டேங்கைத் தாங்குகிற இருக்கை) ஒன்று, கேபிள் ட்ரே பிராக்கெட் இரண்டு. ஏழையும் ஸ்கிட் ஒரிஜினில் வைத்து மிரர் எடுத்துப் பூஜ்யத்தில் இறக்கினேன், எல்லாம் தன் இடத்தில் நின்றன. ஏணிச் சட்டத்தை உற்றுப் பார்த்தால் முதல் ஸ்கிட்டின் இடது சட்டம்தான் இரண்டாவதன் வலது சட்டத்துக்கு மிரர், ஏற்கனவே முதல் ஸ்கிட்டின் வலது சட்டமும் அதேதான், ஆக அங்கேயும் புது டிராயிங் இல்லை, எண்ணிக்கை இரட்டிப்பு மட்டும்.

லேசர் அண்ணா, ட்ரேவுக்கும் பிளாட்பாரத் தகட்டுக்கும் எல், ஆர் தனித்தனி டிஎக்ஸ்எஃப் நாளைக்கு அனுப்புகிறேன். ஃபிலிம் பக்கம் மேலே என்று ஃபைலுக்குள்ளேயே எழுதட்டுமா, மெயிலில் சொன்னால் போதுமா?

வியாசர்பாடி_லேசர்

இரண்டிலும் வேண்டாம், ஃபைல் பெயரிலேயே போடுங்கள். திக்னஸ், மெட்டீரியல், எண்ணிக்கை, எல் அல்லது ஆர், ஃபிலிம் மேல். மெயில் ஆபீஸிலேயே நின்றுவிடும், ஃபைலுக்குள் எழுதினால் தனி லேயர் என்று மறந்து அதையும் வெட்டிவிட வாய்ப்பு உண்டு. மதியத்துக்குள் வந்தால் ராத்திரி ஷிஃப்டில் போட்டுவிடலாம். செக்கர்டு பிளேட் 6 மில்லி ஸ்டாக் இருக்கிறது, 5 வேண்டுமென்றால் இன்றைக்கே சொல்லுங்கள்.